ஹானிகனின் பல்

டெரன்ஸ் ஹானிகன் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலோரம் நின்றபடிதான் சாப்பிட்டான். ஜன்னலுக்கு வெளியே போத்தனூர் நிலையத்தின் சிக்னல் விளக்குகள் தெரியும். அவற்றை இப்போது பார்ப்பதற்கு மனிதர்கள் யாரும் தேவையில்லை. ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே ஓடத் தொடங்கி இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அப்பா, தாத்தா, அவருடைய அப்பா என்று எஞ்சின் ஓட்டியே வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தில் கடைசி ஓட்டுநர் அவன். வேலை போன சில மாதங்களில் மனைவியும் பிரிந்து போய்விட்டாள். அக்கா வெர்னாவின் வீட்டுக்கு ஒரு சூட்கேஸோடு வந்தவன், அதை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை.

வெர்னா பிசியோதெரபிஸ்ட். பகல் முழுக்க அடுத்தவர் முழங்கால்களையும் தோள்பட்டைகளையும் நீவிவிட்டு வீடு திரும்பினால், தம்பியின் காலடிச் சத்தம் அறைக்கு அறை போய்க்கொண்டே இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்து பழகியவளுக்கு அந்தச் சத்தம் தலைக்குள் நடப்பதுபோல் இருந்தது.

"வெர்னா, அந்தச் சட்டம் பாஸ் ஆயிடுச்சு" என்றான் ஒருநாள் மாலை, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

அயர்லாந்தின் மேற்குப் பகுதிகளில் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. பள்ளிகளை மூடினார்கள், காற்றாலைகளைப் பழுதுபார்க்க ஆள் இல்லை. ஒரு காலத்தில் பஞ்சத்துக்குத் தப்பி ஓடியவர்களின் வாரிசுகள் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் திரும்பி வந்து குடியேறலாம் என்று புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். ரத்த வாரிசு என்று நிரூபித்தால் போதும்.

"நாம போலாம். நீயும் நானும். ஹானிகன்கிற பேரே போதும்ல?"

"பேரு போதாது டெரி. ஆதாரம் கேப்பாங்க."

ஆதாரம் என்று இருந்ததெல்லாம் அப்பா சொன்ன கதைகள்தான். தாத்தாவின் தாத்தா பேட்ரிக். அவருடைய அப்பா மைக்கேல் ஹானிகன், அயர்லாந்தில் மேயோ என்ற பகுதியிலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து மெட்ராஸ் வந்து, பட்டாளத்தை விட்டு ரயில்வேயில் கார்டாகச் சேர்ந்தார். பெங்களூரில் ஓர் ஐரிஷ் ஆசிரியரின் மகளை மணந்தார். பேட்ரிக்கைப் பெற்றெடுத்தபோது அவள் இறந்துபோனாள். அப்பா கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இதைச் சொல்வார். ஒவ்வொரு வருடமும் அந்த ஆசிரியர் மகள் இன்னும் கொஞ்சம் அழகாகிக்கொண்டே போவாள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்த மேவிஸ் அத்தை மட்டும் வேறு மாதிரி சொல்வாள். "மனைவியும் இல்லை, ஒன்றும் இல்லை. பையன் ரயிலில் வந்தான், அவ்வளவுதான்." ரயில்வே குடும்பத்தில் எல்லாருமே ரயிலில் வந்தவர்கள்தானே என்று அப்பா சிரித்து அதை ஒதுக்கிவிடுவார்.

பெங்களூரில் அப்படி ஒரு திருமணப் பதிவு கிடைக்கவில்லை. மேயோவுக்கு எழுதிக் கேட்டபோது, நாட்டின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினில் நடந்த சண்டையில் எரிந்துபோய்விட்டதாக வருத்தத்தோடு பதில் வந்தது. அங்கே ஒரு தேவாலயப் பதிவேடு பிழைத்திருந்தாலும், அது பஞ்சத்துக்குப் பிறகுதான் தொடங்கியது.

பல்லைப் படிக்கலாம் என்று சொன்னது பீளமேட்டில் ஆய்வுக்கூடம் நடத்திய டாக்டர் நிலோஃபர். தோள்பட்டை வலிக்காக வெர்னாவிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர்.

"மரத்துக்கு வருஷ வளையம் இருக்குல்ல, அது மாதிரி பல்லு வளரும்போது தினம் தினம் ஒரு மெல்லிசான அடுக்கு விழும். அந்த வயசுல என்ன தண்ணி குடிச்சாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு அதுல பதிஞ்சிடும். முன்னெல்லாம் தோராயமாத்தான் சொல்ல முடியும். இப்ப எந்த ஊர்த் தண்ணின்னே சொல்லிடலாம். பல்லுக்குள்ள டி.என்.ஏ-வும் பத்திரமா இருக்கும். மைக்கேலோட ரத்த சொந்தம் யார் யார் உயிரோட இருக்காங்கன்னு தேடலாம். பல்லு மட்டும் கிடைக்கணும்."

கிடைத்தது. புதிய ரயில் பாதைக்காகக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த பழைய கல்லறைகளை உள்ளே மாற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்கேலும் பேட்ரிக்கும் அருகருகே அந்த வரிசையில்தான் கிடந்தார்கள். பங்குத்தந்தையின் அனுமதியோடு, ஜெபம் சொல்லி முடித்த பிறகு, நிலோஃபரின் உதவியாளர் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டார். டெரன்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான். எலும்புகளைப் பார்த்து வெர்னாவுக்கு ஏனோ வெட்கமாக இருந்தது. கேட்காமல் ஒருவர் அறைக்குள் நுழைந்துவிட்டது போல.

முடிவு வந்த அன்று டெரன்ஸ் வெளிநாட்டு வேலை முகமை ஒன்றைப் பார்க்கப் போயிருந்தான். வெர்னா தனியாகத்தான் பீளமேட்டுக்குப் போனாள்.

நிலோஃபர் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். தேன் நிறத்தில் மெல்லிய கோடுகள், நடுவே ஒன்று மட்டும் கறுத்து, தடித்து.

"இது மைக்கேல். இந்தக் கறுப்புக் கோடு பட்டினி. சாதாரணப் பட்டினி இல்ல, சாவுக்குப் பக்கத்துல போயிட்டு வந்த பட்டினி. அப்ப அவருக்கு ஆறு ஏழு வயசு. கோட்டுக்கு அப்புறம் குடிச்ச தண்ணி மேயோ. சந்தேகமே இல்ல."

"அயர்லாந்து பஞ்சமா?"

"ஆமா. இப்ப இதப் பாருங்க." இன்னொரு படம் வந்தது. அதே தேன் நிறம். கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கறுத்த கோடு.

"இதுவும் மைக்கேலா?"

"பேட்ரிக்."

"பேட்ரிக் எதுக்குப் பட்டினி கிடக்கணும்? ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்த பையன்."

நிலோஃபர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "தாது வருஷப் பஞ்சம் வெர்னா. 1877. அதுக்கு முன்னாடி அந்தப் பையன் குடிச்ச தண்ணி தாராபுரம் பக்கம், அமராவதிக் கரை. சாப்பிட்டது கம்பும் ராகியும். டி.என்.ஏ-வையும் பாத்தாச்சு. மைக்கேலுக்கும் அவருக்கும் ஒரு ஒட்டும் இல்ல. பேட்ரிக் இங்கத்துப் பையன். அப்பா அம்மா ரெண்டு பேருமே இங்கத்து ஆளுங்க."

ரயிலில் வந்த பையன். சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் கஞ்சித் தொட்டிகளைத் தேடி ஜனங்கள் தண்டவாளத்தோரமாக நடந்தே வந்த வருடம் அது என்று வெர்னா எங்கோ படித்திருந்தாள். தண்டவாளத்தோரம் கிடந்த குழந்தையை கார்டாக இருந்த மைக்கேல் பார்த்திருக்கிறான். அவனுக்கு அந்தப் பசி தெரிந்திருக்கிறது.

"அப்ப எனக்குள்ள அயர்லாந்து?"

"இல்ல. உங்க எச்சிலையும் பாத்தாச்சு. அம்மா வழியில கொஞ்சம் போர்ச்சுகல் இருக்கு."

வெர்னா சிரிக்க முயன்றாள்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் நிலோஃபர். "மைக்கேலுக்கு ரத்த வாரிசு இருக்காங்க. குறிச்சிக்குப் பக்கத்துல ஒரு குடும்பம். பையன் ஏதோ வைத்தியத்துக்காக முன்னாடி எச்சில் குடுத்திருக்கான். சொந்தம் கண்டுபிடிச்சா தெரியப்படுத்துங்கன்னு சம்மதமும் குடுத்திருக்கான். விதிப்படி அவனுக்குத் தகவல் போயிருக்கும். ஆனா அறிக்கை உங்களோடது. நீங்க ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்து போட்டாத்தான் அவங்க அதப் பயன்படுத்த முடியும்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது டெரன்ஸ் கத்தவில்லை. நடப்பதை மட்டும் நிறுத்தினான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அப்ப நாம யாரு?" என்றான்.

"அதே ஆளுங்கதான் டெரி."

"இல்ல. ஸ்கூல்ல என்னை 'சட்டைக்காரன்'னு கேலியா கூப்பிட்டப்ப அடிச்சிருக்கேன். எங்க ஊர் வேறடான்னு சொல்லித்தான் அடிச்சேன். அப்பா சாகும்போதுகூட மேயோன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு. நாம கம்பு தின்ன ஊர்க்காரங்கன்னு இப்ப ஒரு பல்லு சொல்லுதா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த அறிக்கைய யாருக்கும் குடுக்காத. கையெழுத்துப் போடாத. யாருக்கும் தெரியாம இருந்தா நாம ஹானிகனாவே இருந்துட்டுப் போலாம்."

ஆனால் அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை அவனே வாசலில் வந்து நின்றான். தினகர். காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்க்கும் வேலை. கறுப்புதான், ஆனால் கண்கள் சாம்பலும் பச்சையுமாக, அந்த முகத்துக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தன. டெரன்ஸ் அந்தக் கண்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

"மேடம், நான் உங்கள தொந்தரவு பண்ண வரலீங்க" என்றான் தினகர். "அங்க காத்தாலைக்கு ஆள் கேக்கறாங்க. எனக்கு அந்த வேலை தெரியும். அறிக்கை மட்டும் கெடச்சாப் போதும்ங்க. ஆனா எங்கம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒருக்கா வந்து பேசுனீங்கன்னா..."

"நானா? நான் எதுக்கு?"

"நீங்கதானுங்களே அவரு குடும்பம்."

வெர்னா வண்டிச் சாவியை எடுத்தாள். அவனுடைய வண்டிக்குப் பின்னால் தன் வண்டியில் போனாள்.

தினகரின் அம்மா கலாமணி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. அவளுக்கும் அதே கண்கள். வெர்னாவை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தைப்பதைத் தொடர்ந்தாள்.

"எங்கூட்டுக்கு இந்த ஊருல என்ன பேரு தெரியுங்களா அம்மிணி? பூனைக்கண்ணன் ஊடு. எனக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப மூணு எடத்துல இதச் சொல்லித்தான் வேண்டாம்னு போனாங்க. எவன் புள்ளையோன்னு கேப்பாங்க. எங்கப்பன் திருவிழாவுக்குக்கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டுத்தான் போவாரு."

"உங்க வீட்ல ஏதாவது கதை சொல்லியிருக்காங்களா?"

"கதையா? பூவாத்தான்னு ஒருத்தி. ரயிலு ரோட்டுல மண்ணு சுமந்தவ. அப்பறம் துரை ஊட்டுக்குத் தண்ணி தூக்கப் போனா. வயித்துல புள்ளையோட திரும்பி வந்தா. அவ்வளவுதானுங்க கதை. அவளா விரும்பிப் போனாளா, போகச் சொன்னாங்களா, அதெல்லாம் யாரும் சொல்லல. அவ புருசன்னு ஒருத்தன் வந்து சேர்ற வரைக்கும் ஊருக்கு வெளிய தனியாத்தான் இருந்தாளாம்."

இயந்திரம் நின்றது. கலாமணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இப்ப இவன் சொல்றான், அந்தத் துரை ஒரு பஞ்சத்துப் புள்ளைய எடுத்து வளத்தாருன்னு. அந்தப் புள்ளை வழிதான் நீங்களாமா. கேட்டுட்டு எனக்குத் தூக்கமே வரலீங்க. ரோட்டுல கெடந்த புள்ளையப் பாத்தா மனசு எரங்குது. அவனுக்குப் பொறந்தது ரெண்டு மைல் தள்ளிக் கெடக்குது, அதுக்கு எரங்கலியே. உங்களுக்குப் பேரக் குடுத்தான். எங்களுக்குக் கண்ணக் குடுத்தான். யாரு கேட்டாங்க?"

அவர் சார்பாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெர்னாவுக்குத் தோன்றியது. மறுகணமே, கேட்பதற்குத் தான் யார் என்றும் தோன்றியது. இந்த வீட்டில் இருக்கும் இருவரும்தான் அவருடைய ரத்தம். ஆனால் அவருடைய பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவளாக உட்கார்ந்திருப்பது அவள்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். "அவர் நல்லவர்னுதான் நாங்க கேட்டு வளந்தோம். எங்களுக்கு நல்லவராத்தான் இருந்திருக்காரு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

கலாமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து முதல்முறையாக.

"அம்மா, எனக்கு அவரு வேண்டாம்மா" என்றான் தினகர், கதவோரத்திலிருந்து. "வேலைதான் வேணும். இங்க இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும் அது? அதுக்கும் மிசினு வந்துட்டு இருக்குது."

கலாமணி வெகுநேரம் ஒரு சீருடையின் காலரை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "போறதுன்னா போ. ஒண்ணு மட்டும் செய்யோணும். நீங்க எழுதிக் குடுக்கறதுல பூவாத்தா பேரு இருக்கோணும் அம்மிணி. துரைக்குப் பொறந்ததுன்னு எழுதுனாப் பத்தாது. பூவாத்தாளுக்குப் பொறந்ததுன்னு எழுதோணும். அவ பேரு ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டும்."

வெர்னா அந்த வாரம் முழுக்க அதை எழுதவில்லை. எழுதினால், "நான் மைக்கேல் ஹானிகனின் ரத்த வாரிசு அல்ல" என்ற வரியோடு தொடங்க வேண்டும். நோயாளியின் காலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவாள். "என்னாச்சு மேடம்?" என்று அவர்கள் கேட்பார்கள். வீட்டுக்குத் திரும்பினால் டெரன்ஸ் எதுவும் கேட்பதில்லை. அவள் கைப்பையை மட்டும் பார்ப்பான்.

வெள்ளிக்கிழமை அவன் முன்னாலேயே மேஜையில் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்திட்டாள். பூவாத்தாவின் பேரை முதல் பத்தியில் எழுதினாள்.

"யாரோ ஒருத்தனுக்காக" என்றான் டெரன்ஸ்.

"நம்மள எடுத்து வளத்தவரும் யாரோ ஒருத்தனுக்காகத்தானே டெரி செஞ்சாரு."

"பெருசா பேசாத." அவன் மறுநாள் காலையில் சூட்கேஸை எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டையில் இருந்த நண்பன் வீட்டுக்குப் போனான். வெர்னா தடுக்கவில்லை. காலடிச் சத்தம் இல்லாத வீட்டில் இப்போது அவள் நடக்க ஆரம்பித்தாள்.

தினகர் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேயோவுக்குப் போய்ச் சேர்ந்தான். கடலோரக் காற்றாலைகளில் வேலை. அவ்வப்போது கூப்பிடுவான். மேடம் என்பது அக்கா என்று ஆகியிருந்தது. மழை நிற்பதே இல்லை என்பான், சோற்றுக்கு அலைகிறேன் என்பான். பக்கத்துக் கிராமத்தில் இன்னும் ஹானிகன்கள் இருக்கிறார்கள், ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

டெரன்ஸ் அதற்குள் திரும்பி வந்துவிட்டான். ஜோலார்பேட்டையிலும் உட்கார முடியவில்லை என்றான். சமாதானம் என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவனுக்குத் தட்டு வைத்தாள். அவன் நின்றபடி சாப்பிட்டான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகலில் தினகரின் அழைப்பு வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அக்கா, அவங்க ஊட்டுலதான் இருக்கேன். டோனல் ஹானிகன்னு, ஆடு வளக்கறாரு. ரெண்டு பேரும் டெஸ்ட் குடுத்துப் பாத்தோம்க்கா. ஒண்ணும் சேரல."

"சேரலைன்னா?"

"எனக்கும் அவங்களுக்கும் சொந்தமே இல்ல. என்னை அனுப்பிருவாங்களோன்னு பயந்துட்டேன். அதெல்லாம் இல்லையாம், மைக்கேலு இந்த நாட்டு ஆளுங்கறது உறுதிதானாம். ஆனா ஹானிகன் இல்ல. அவரு ஏதோ சொல்றாரு, உங்ககிட்ட பேசோணுங்கறாரு."

திரையில் ஒரு சிவந்த, சவரம் செய்யாத முகம் வந்தது. அறுபது வயது இருக்கும். பின்னால் நாய் குரைத்துக்கொண்டிருந்தது. அவருடைய ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள வெர்னா காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அறைக்குள் வந்த டெரன்ஸ் திரைக்குத் தெரியாமல் அவள் பின்னால் நின்றுகொண்டான்.

"எங்க வீட்ல ஒரு கதை உண்டு" என்றார் டோனல். "பஞ்ச வருஷத்துல ஒரு குடும்பம் தெற்கேயிருந்து இந்த வழியா நடந்து வந்திருக்கு. எல்லாரும் ரோட்டோரமாவே செத்துட்டாங்க. ஒரு பையன் மட்டும் மூச்சு விட்டுக்கிட்டிருந்தான். எங்க ஆளுங்க தூக்கிட்டு வந்து வளர்த்தாங்க. பேரு வச்சாங்க. பெரியவனானதும் பட்டாளத்துக்குப் போனவன் திரும்பி வரலை. நாங்க அதைக் கட்டுக்கதைன்னுதான் நினைச்சோம். இந்தத் தம்பி வந்து நிக்கற வரைக்கும்."

வெர்னா திரையை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இந்தியாவுல அவன் எடுத்து வளர்த்த பையனோட குடும்பம் இருக்குன்னு தம்பி சொன்னான். அது நீங்களா?"

"நான்தான்."

"ஹானிகன்னுதான் இன்னும் போட்டுக்கறீங்களா?"

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நீங்க எங்க பேருதான். எங்க ஆளுங்க குடுத்து வந்த பேரு. வாங்க ஒரு தடவை. சட்டத்துல என்ன இருக்கோ எனக்குத் தெரியாது. விருந்தாளியா வாங்க."

வெர்னாவுக்குக் கண் கலங்கியது. நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் டெரன்ஸ் அவள் தோளுக்கு மேல் குனிந்து திரைக்குள் வந்தான்.

"சார், ஒரு விஷயம்" என்றான். "உங்க ஆளுங்க தூக்கிட்டு வந்தப்ப அந்தப் பையனுக்கு என்ன பேரு?"

டோனல் யாரையோ திரும்பிப் பார்த்தார். அடுத்த அறையில் ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. அவர் மறுபடி திரும்பி, "மைக்கேல்னு வச்சது எங்க வீட்டுல" என்றார்.

"அதுக்கு முன்னாடி. ஆறு ஏழு வயசுப் பையன். அவனுக்குன்னு ஒரு பேரு இருந்திருக்கும். பேசத் தெரிஞ்சிருக்கும்."

"இருந்திருக்கும்." அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. "கேட்டாங்களா இல்லையான்னே தெரியலை. கதைல அது இல்லை."

அழைப்பு முடிந்தது. டெரன்ஸ் அவளுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முழங்கைகளை மேஜைமேல் ஊன்றிக்கொண்டான்.

"பேட்ரிக் தாராபுரம் பக்கம்னு சொன்னாங்கல்ல" என்றான்.

"அமராவதிக் கரை."

"அந்தக் காலத்துல அந்தப் பக்கம் பையனுங்களுக்கு என்ன பேரு வைப்பாங்க?"

வெர்னா யோசித்தாள். பிறந்ததிலிருந்து அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் வாழ்ந்திருந்தும், சொல்வதற்கு ஒரு பேர்கூட வாயில் வரவில்லை. அவன் எழுந்து போகாமல் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தான்.